ஏற்ற இறக்கமான உடம்புக்கு ஒரு சர்வீஸ் டாக்: 5-க்கு 4

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், 5-க்கு 4. நாய்க்கு மட்டும் என்றால் யோசிக்காமல் 5 போட்டுவிடுவேன். ஆனால் இது நாயைத் தந்த அமைப்பைப் பற்றிய விமர்சனம், அதனால் கொஞ்சம் கறாராகத்தான் எழுத வேண்டும். உடம்பில் குறைபாடு உள்ளவர்களுக்கு வேலை செய்யப் பழக்கிய நாய்களை, அதாவது சர்வீஸ் டாக் எனும் உதவி நாய்களைத் தரும் அமைப்பு இது. அமெரிக்காவின் வடகிழக்கில் இயங்குகிறது, லாபநோக்கில்லாதது, இப்படிப்பட்ட அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல் அங்கீகாரம் உள்ளது. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன். நன்கொடையில் ஓடுகிற இடம், என் ஒருத்தியின் கதையால் அவர்களுக்கு வரும் பத்து டாலர் நின்றுபோக வேண்டாம். அதோடு நான் சொல்கிற குறை அவர்களுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை.

எனக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்புகளின் உறையை அரிக்கும் நோய். இதில் வலியைவிட, கால் இழுப்பதைவிட, எனக்கு எரிச்சல் தருவது நாளைக்கு எப்படி இருக்கும் என்று தெரியாததுதான். ஒரு நாள் ரயில் நிலையத்துப் படிக்கட்டைச் சாதாரணமாக ஏறிவிடுவேன், இரண்டு நாள் கழித்துப் பாத்ரூம் போக சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். வெயில் ஏறினால் கால் துவளும், வெந்நீரில் கொஞ்ச நேரம் அதிகமாக நின்றாலே பார்வை மங்கும். கையில் எடுத்தது எல்லாம் கீழே விழும்: சாவி, போன், மாத்திரை டப்பா, தோசைக் கரண்டி. குனிந்தால் தலை சுற்றும், எழுந்திருக்கப் பத்து நிமிடம். வெளியில் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உதவி நாய்களைத் தரும் இந்தத் துறையே தினமும் ஒரே மாதிரி இருக்கும் குறைபாட்டை மனதில் வைத்து வளர்ந்தது. பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைத் தரும், 1929-ல் தொடங்கிய சீயிங் ஐ பள்ளி எங்கள் நியூ ஜெர்சியில் மாரிஸ்டவுனில்தான் இருக்கிறது, அந்த ஊர் நடைபாதையில் பயிற்சியாளர்கள் நாயோடு நடப்பது தினப்படிக் காட்சி. பார்வையில்லாதவருக்குத் திங்களும் பார்வையில்லை, புதனும் பார்வையில்லை. 1975-ல் கலிபோர்னியாவில் கேனைன் கம்பேனியன்ஸ் தொடங்கி, நடமாட்டக் குறைபாடு உள்ளவர்களுக்கும் நாய் என்று வந்தபோதும் முதலில் நினைவில் இருந்தவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். என்னைப் போல ஏறி இறங்கும் உடம்புக்காரர்கள் வரிசையில் பிறகுதான் சேர்ந்தோம், அந்தத் தாமதம் விண்ணப்பப் படிவத்திலேயே தெரிகிறது. கதவைத் திறக்க முடியுமா, ஆம் / இல்லை. தரையில் விழுந்ததை எடுக்க முடியுமா, ஆம் / இல்லை. "சில நாள் முடியும்" என்று எழுத அங்கே கட்டமே கிடையாது. நான் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி நிரப்பி அனுப்பினேன். அதைப் படித்துவிட்டு அவர்களே போன் செய்து பேசினார்கள், அது நல்ல விஷயம்தான், ஆனாலும் படிவத்தைத் திருத்த ஒரு மதியம் போதுமே.

சரி, செலவு. பலர் முதலில் கேட்பது இதைத்தான். நாய்க்கு என்னிடம் அவர்கள் பணம் வாங்கவில்லை. கேனைன் கம்பேனியன்ஸும் இலவசமாகத்தான் தருகிறது, சீயிங் ஐ முதல் நாய்க்கு வாங்குவது 150 டாலர். தனியார் பயிற்சியாளரிடம் போனால் 20,000, 30,000 டாலர் என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள், மருத்துவ இன்ஷூரன்ஸ் இதற்குக் காலணா தராது. இலவசத்துக்கு விலை காத்திருப்பு. எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது, அது இந்தத் துறையில் நல்ல வேகம் என்கிறார்கள். குட்டி எட்டு வாரம் ஆனதும் ஒரு தன்னார்வக் குடும்பத்துக்குப் போய், அங்கே ஒன்றே கால், ஒன்றரை வயதுவரை வளர்ந்து, பிறகு மையத்துக்குத் திரும்பி மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, அதில் ஏறக்குறைய பாதி நாய்கள் தேறாமல் வீட்டு நாயாகப் போய்விட்டபிறகு மிச்சமிருப்பதில் நம் உடம்புக்கும் குணத்துக்கும் பொருந்துவது எது என்று பார்க்க வேண்டும், அப்புறம் ஏன் தாமதமாகாது. மாசசூசெட்ஸில் உள்ள நீட்ஸ் என்ற உதவி நாய் அமைப்பு 1998 முதல் சிறைக் கைதிகளை வைத்தே குட்டிகளைப் பழக்குகிறது. என்னுடையதை வளர்த்தது ஓய்வு பெற்ற ஒரு தம்பதி. இந்தியா போகும்போது நாயை அவர்களிடமே விட்டுப் போகலாம் என்று அமைப்பே ஏற்பாடு செய்து தந்தது. இதை எந்த விளம்பரத் தாளிலும் அவர்கள் போடவில்லை, போட வேண்டும்.

நேர்காணலில் கேட்ட ஒரு கேள்விக்காகவே இவர்களுக்கு அரை நட்சத்திரம் கூட்டிப் போடலாம்: "உங்கள் மிக மோசமான நாளில் நாயை வெளியே யார் கூட்டிப் போவார்கள்?" வெறுமனே "கணவர்" என்று சொன்னதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் ஊரில் இல்லாவிட்டால்? பனிப்புயல் என்றால்? தினமும் நாலு தடவையாவது ஒன்றுக்கு, ரெண்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். ஜனவரியில் நடைபாதையில் உப்பைக் கொட்டியிருப்பார்கள், திரும்பி வந்து பாதத்தைத் துடைக்க வேண்டும். நாய் வந்தால் எல்லா வேலையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் இந்தக் கேள்வியில்தான் விழித்துக்கொள்வார்கள். கடைசியில் பக்கத்துத் தெருவில் இருக்கும் கல்லூரிப் பெண்ணின் பெயரை எழுதிக் கொடுத்தபிறகுதான் அடுத்த பக்கம் போனோம். இந்தக் கேள்வியைக் கேட்காத அமைப்பிடம் நாய் வாங்காதீர்கள்.

இப்போது குறை. நாயை ஒப்படைக்கும் முன் அங்கேயே தங்கி எடுக்கும் கூட்டுப் பயிற்சி இரண்டு வாரம். காலையிலிருந்து மாலைவரை வகுப்பு, இரவில் படிப்பு, இடையிடையே பரீட்சை, கடைவீதிக்கும் மாலுக்கும் நடை. சொல்லித் தருபவர்கள் தங்கமானவர்கள். ஆனால் எம்.எஸ். களைப்பு என்பது தூங்கி எழுந்தால் போகிற களைப்பு அல்ல, உடம்பில் மின்சாரம் போய்விடும். அரை நாள் வகுப்பாக நாலு வாரம் நடத்த முடியுமா என்று முன்கூட்டியே கேட்டேன். தங்குமிடம், ஆள் பற்றாக்குறை, அடுத்த குழு வருகிறது என்று காரணம் சொன்னார்கள், காரணம் எல்லாம் நியாயம்தான். ஆனால் முதல் வாரக் கடைசியில் எனக்கும், லூபஸ் (இதுவும் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) உள்ள இன்னொரு பெண்ணுக்கும் எழுந்து நிற்கவே முடியவில்லை, சக்கர நாற்காலியில் வந்த பையன் எங்களுக்குக் காபி எடுத்து வந்து கொடுத்தான். பயிற்சியாளர் ஒருவர் விதியைப் பார்க்காமல் மதியம் எங்களைத் தூங்க விட்டார், அதனால்தான் முடித்தோம். உடல்நிலை சரியில்லாதவர்களுக்காகவே இருக்கும் இடத்தில் ஒருவரின் நல்ல மனசை நம்பி வகுப்பை முடிக்க வேண்டியிருப்பது சரியில்லை. அந்த ஒரு நட்சத்திரம் இங்கேதான் போனது.

நாயின் பெயர் வில்லோ, லாப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும் கலந்தது. சென்னையிலிருந்து வந்த அம்மாவுக்கு அது முதல் வாரத்திலேயே வள்ளி ஆகிவிட்டது. வீட்டுக்குள் நாயா, பூஜையறை என்ன ஆவது என்று போனில் புலம்பிய அதே அம்மா, கையிலிருந்து நழுவிய மூக்குக் கண்ணாடியை வில்லோ பல் படாமல் எடுத்து மடியில் வைத்ததும் கட்சி மாறிவிட்டார். இப்போது சிக்கல் வேறு, அம்மா திருட்டுத்தனமாக நெய்ச் சோறு ஊட்டுகிறார், எடை ஏறினால் அமைப்பிடம் திட்டு வாங்குவது நான்.

என்ன செய்யும் என்றால், விழுந்ததை எடுத்துத் தரும், காசு நாணயம்கூட. சாக்ஸைக் கடித்து இழுத்துக் கழற்றும். கயிறு கட்டிய ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கும், மூக்கால் தள்ளி மூடும். சுவிட்சைப் போடும். கால் துடிக்கும்போது மேலே படுத்து அழுத்தும். நான் விழுந்துவிட்டால் போனைத் தேடிக் கொண்டுவரும், இதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். என்ன செய்யாது என்பதையும் கேளுங்கள்: என் எடையைத் தாங்காது. நாயைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கலாம் என்று நினைத்து வருபவர்கள் உண்டு, நாயின் மூட்டு கெட்டுவிடும் என்று நான் போன இடத்தில் அதைச் சொல்லித் தருவதே இல்லை, அதற்குக் கைத்தடிதான். அடுத்த ரிலாப்ஸ், அதாவது நோய் திடீரென்று மறுபடி தீவிரமாவது, எப்போது வரும் என்று மோப்பம் பிடித்தும் சொல்லாது, சொல்லும் என்று யாராவது விற்றால் ஓடிவிடுங்கள். சர்க்கரை இறங்குவதைக் காட்டிக் கொடுக்கப் பழக்கிய நாய்கள் விஷயம் வேறு, அங்கே ஆய்வுகள் இருக்கின்றன. 2019-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 27 நாய்களைப் பார்த்ததில், சர்க்கரை இறங்கிய வேளைகளில் நடுத்தரமான நாய் 83 சதவீதம் கண்டுபிடித்தது, ஆனால் நாய்க்கு நாய் பெரிய வித்தியாசம். அந்த வகைக்கு விண்ணப்பிப்பவர்கள் கையில் இருக்கும் சர்க்கரை அளக்கும் சென்சாரைக் கழற்றி வைத்துவிடாதீர்கள்.

யாரும் எனக்கு முன்னாடியே சொல்லாத ஒன்று: உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் நாய்க்கு வேலை கொடுக்க வேண்டும். நன்றாக நடக்கும் வாரத்தில் சாவியை நானே எடுத்துக்கொண்டு, சாக்ஸை நானே கழற்றிக்கொண்டு இருந்தால், மோசமான வாரம் வரும்போது அது மறந்து போய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். அதனால் தினமும் காலையில் வேண்டுமென்றே சாவியைக் கீழே போடுகிறேன். சக்கர நாற்காலிக்காரருக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, அவருக்குத் தேவை தினமும் இருக்கிறது. பயிற்சிப் புத்தகத்தில் இது பற்றி ஒரு வரி இல்லை.

ஆனால் நாயைத் தந்தபிறகு செய்யும் சேவை என்று ஒன்று இருக்கிறதே, அதில்தான் இவர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். வில்லோ வந்து ஒரு வருடம்போல ஆனபோது எனக்குப் பெரிய ரிலாப்ஸ். அதுவரை இடது கால்தான் பலவீனம், தடி எதிர்ப் பக்கம் வலது கையில். இப்போது வலது கால் அதைவிட மோசமாகப் போனது, தடியை இடது கைக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. நாயைப் பழக்கியிருப்பது இடது பக்கத்தில் நடக்க. தடியும் நாயும் ஒரே பக்கம், தடுக்கி விழாமல் என்ன செய்வது. வழக்கமாக இப்படி ஆனால் நாயைத் திருப்பிக் கேட்பார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். நான் போன் செய்தேன். முதலில் வீடியோவில் என் நடையைப் பார்த்தார்கள், அடுத்த வாரம் பயிற்சியாளர் ஒருவர் காரோட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். முதலில் சமையலறையில், பிறகு எங்கள் தெருவில், அப்புறம் நான் வாரா வாரம் போகும் மளிகைக் கடையில், வில்லோவை வலது பக்கத்துக்கு மாற்றினார். சின்னத் துண்டு துண்டாக, ஒவ்வொரு திருப்பத்திலும் தின்பண்டம். கூடவே ஒரு காரியம் செய்தார், எந்தெந்த வேலை இனி தினமும் தேவை, எது தேவையில்லை என்று என்னோடு உட்கார்ந்து பட்டியலையே திருத்தினார். கதவு இழுப்பதை எடுத்துவிட்டு, கணவரைப் போய் எழுப்பிக் கூட்டி வருவதைச் சேர்த்தார். அதற்கு ஒரு காசு வாங்கவில்லை. விண்ணப்பத்தில் ஆம் / இல்லை என்று கேட்ட அதே அமைப்புதான் இது. படிவம் எழுதியவரும் வீட்டுக்கு வருபவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது.

ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். பல இடங்களில் நாய் சட்டப்படி அமைப்புக்கே சொந்தம், சில இடங்களில் முதல் வருடம் மட்டும், சில இடங்களில் கடைசிவரை. வருடத்துக்கு ஒரு தடவை பொது இடப் பரீட்சை இருக்கலாம். நம் உடம்பு மோசமானால் நாயை எடுத்துக்கொள்வார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் வெளியுலகம். குறைபாடு உள்ளவர்களின் உரிமைக்கான அமெரிக்க ஏ.டி.ஏ. சட்டப்படி கடையிலோ ஓட்டலிலோ இரண்டே கேள்விதான் கேட்கலாம்: குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது. என்ன நோய் என்று கேட்கக்கூடாது, அடையாள அட்டை கேட்கக்கூடாது, அங்கேயே செய்து காட்டச் சொல்லக்கூடாது. அட்டை என்று ஒன்று சட்டத்திலேயே இல்லை, நாயை நாமே பழக்கிக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது. இணையத்தில் 79 டாலர், 99 டாலர் என்று பதிவுச் சான்றிதழும் சிவப்பு வெஸ்ட்டும் விற்கிறார்களே, அது வெறும் பிளாஸ்டிக். அதை வாங்கி மாட்டிய வீட்டு நாய்கள் குரைத்துக் கடித்து வைப்பதால்தான், தடியில்லாமல் நடக்கும் நாளில் என்னைப் பார்த்து "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்கிறார்கள். ஒரு தமிழ் ஓட்டலில் வாசலிலேயே நிறுத்தினார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னேன், முதலாளி வந்தார், மேசைக்கடியில் வில்லோ படுத்தது தெரியாமல் நாங்கள் இட்லி சாப்பிட்டோம், இப்போது அவரே தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறார். வண்டி கூப்பிடும் செயலியில்தான் இன்னும் தலைவலி, நாயைப் பார்த்ததும் ரத்து செய்துவிட்டுப் போகும் ஓட்டுநர்கள் குறையவில்லை.

கோயில் கதை தனி. ஏ.டி.ஏ. மத அமைப்புகளுக்குப் பொருந்தாது, விடமாட்டோம் என்றால் சண்டை போட வழியில்லை. நாங்கள் போகும் கோயிலில் அர்ச்சகர், பைரவர் வாகனம்தானே என்று சிரித்துவிட்டு, செருப்பு வைக்கும் இடம்வரை வரட்டும் என்றார், அதுவரை போகிறது. ஆஸ்பத்திரியில் பிரச்சினையில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எனக்கு ஊசி வழியாக மருந்து (இன்ஃப்யூஷன்) ஏற்றும்போது நாற்காலிக்கடியில் தூங்குகிறது, எம்.ஆர்.ஐ. அறைக்குள் மட்டும் வராது. ஆபீஸ் வேறு மாதிரி: அங்கே இரண்டு கேள்வி விதி செல்லாது, எச்.ஆரிடம் முறைப்படி கேட்டு, மருத்துவர் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். நாய் வருவதற்கு ரொம்ப முன்னாடியே தொடங்குங்கள்.

விமானத்தில் 2021 ஜனவரியிலிருந்து பழக்கப்பட்ட சர்வீஸ் டாகுக்கு மட்டும்தான் கட்டாய இடம், மன ஆறுதலுக்காக வைத்துக்கொள்ளும் துணை நாய்க்கு இல்லை. போக்குவரத்துத் துறையின் படிவத்தை நிரப்ப வேண்டும், 8 மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் நாய் எப்படி அடக்கிக்கொள்ளும் என்று இன்னொரு படிவம். இந்தியாவுக்குக் கூட்டிப்போக, வெளிநாட்டிலிருந்து வரும் விலங்குகளைச் சோதிக்கும் ஏ.க்யூ.சி.எஸ். துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். திரும்பி வரும்போது, ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகள் பட்டியலில் இந்தியா இருப்பதால், 2024 ஆகஸ்ட்டில் வந்த சி.டி.சி. (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) விதிப்படி மைக்ரோசிப், அமெரிக்காவில் போட்ட தடுப்பூசிக்குக் கிளம்பும் முன்பே வாங்கிய சான்று எல்லாம் காட்ட வேண்டும். அதனால்தான் சென்னைக்கு இன்னும் கூட்டிப்போகவில்லை. தி.நகர் நடைபாதையில் தெரு நாய்களுக்கு நடுவில் அதை நடத்திப் பார்க்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

நாய் இலவசம் என்றாலும் சாப்பாடு, கால்நடை மருத்துவர், உண்ணித் தடுப்பு மாத்திரை, இன்ஷூரன்ஸ் என்று மாதம் 200 டாலருக்குக் குறையாது. வருமான வரியில் இதை மருத்துவச் செலவாகக் காட்டலாம், வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வெளியீடு 502-ல் இருக்கிறது, மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேர்க்கும் எச்.எஸ்.ஏ. கணக்குப் பணத்திலும் கட்டலாம். வாடகை வீட்டில் செல்லப்பிராணிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள், வீட்டுவசதிச் சட்டப்படி உதவி நாய்க்கு அது கிடையாது.

யாருக்கு இது சரிப்படும்? நோய் கண்டுபிடித்து ஓரளவு நிலைக்கு வந்தவர்களுக்கு, வீட்டிலோ பக்கத்திலோ கைகொடுக்க ஆள் இருப்பவர்களுக்கு, தெருவில் போவோர் வருவோர் எல்லாம் நிறுத்தி "பேர் என்ன, தொடலாமா" என்று கேட்பதைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கு. போன மாதம்தான் நோய் தெரிந்தது என்றால் கொஞ்சம் பொறுங்கள், எந்த வேலைக்கு நாய் வேண்டும் என்பதே உங்களுக்கு இன்னும் தெரிந்திருக்காது. தனியாக இருந்து, மாதத்தில் பாதி நாள் படுக்கை என்றால் நாயைவிட வீட்டுக்கு வந்து பார்க்கும் உதவியாளர்தான் முதலில்.

விண்ணப்பிக்கிறவர்கள் கேட்க வேண்டியது எத்தனை கட்டளை தெரியும் என்பதை அல்ல. என் உடம்பு மாறினால் யார் வருவார்கள், எவ்வளவு நாளில் வருவார்கள், அதற்குக் கட்டணமா, இதை மூன்று நாலு இடத்தில் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லும் தோரணையிலேயே வித்தியாசம் தெரியும். நரம்பியல் மருத்துவரிடம் கடிதம் கேட்பதை இன்றே தொடங்கிவிடுங்கள், மோசமான நாளில் என்னென்ன முடியாது என்று அதில் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். என்னுடையவர் "நோயாளி நலமாக நடக்கிறார்" என்று எழுதி அனுப்பி, அதைத் திருத்தி வாங்குவதற்குள் அந்த வருடத்து விண்ணப்பமே மூடிவிட்டது.